பண்ணையில் தொடங்கிய பாடம்: ஆட்டிசம் உடையோரின் தற்சார்பு குறித்த சிந்தனை வளர்ச்சி, 1943–2004

முன்னுரை

ஆட்டிசம் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் குழந்தைப் பருவத்தையே சுற்றி வந்தன. அக்குழந்தைகள் வளர்ந்தபின் எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வி தாமதமாகவே எழுந்தது. பெரிதும் அமெரிக்க அனுபவத்தைக் கொண்டு, அக்கேள்விக்கான விடை உருவான விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தற்சார்பு ஒருவரது திறனை மட்டும் பொறுத்ததன்று. அவரது இயல்பை ஏற்று, அதற்கேற்ற வேலையும் ஒழுங்கும் அமைத்துத் தரும் சூழலையும் பொறுத்தது என்பதே இதன் வாதம்.

கானரின் சான்று

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கானர், 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடி 1971இல் மீண்டும் எழுதினார். முதலாமவரான டொனால்ட், 1942இல் மிசிசிப்பியில் ஒரு குத்தகை விவசாயத் தம்பதியிடம் விடப்பட்டிருந்தான். 1945இல் அங்கே சென்ற கானர் அத்தம்பதியின் விவேகத்தை வியந்தார். அளப்பதில் பித்துக்கொண்ட சிறுவனைக் கிணறு தோண்டவைத்து ஆழத்தைச் சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளை எண்ணுபவனை உழுதுகொண்டே எண்ணவிட்டார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் சேர்த்தவனுக்கு, அவற்றைப் புதைத்து அடையாளம் நட ஓரிடம் ஒதுக்கினார்கள். பின்னாளில் டொனால்ட் பட்டம் பெற்று வங்கிப் பணியில் அமர்ந்தார். அரசு மனநல விடுதிகளுக்குப் போனவர்களோ இருந்த திறனையும் இழந்தனர்; அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமம் என்றே கானர் கருதினார்.

பதினொருவரைக் கொண்டு பொதுவிதி வகுக்க முடியாது. டொனால்டின் குடும்பம் வசதியானது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் பண்ணையில் கையாளப்பட்ட முறை கவனத்துக்குரியது: பழக்கத்தை ஒடுக்காமல் அதற்கு ஒரு பயன் தரப்பட்டது.

வட கரோலினாவின் திட்டம்

புருனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல், ஆட்டிசத்துக்கான பழியைப் பெற்றோரின் மீதே சுமத்தியது. பெர்னார்ட் ரிம்லண்ட் 1964லேயே உயிரியல் காரணங்களை முன்வைத்திருந்தார். வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் எரிக் ஷாப்ளரும் ராபர்ட் ரைக்லரும் இன்னும் ஒருபடி சென்று, பெற்றோரைச் சிகிச்சையில் பங்காளிகளாக்கினர். அம்முயற்சியே 1972இல் டீச் என்ற பெயரில் மாநிலம் முழுமைக்குமான திட்டமாக, சட்டமன்றத்தின் ஆதரவுடன் நிலைபெற்றது.

என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையைக் கண்ணால் காணும்படி அமைப்பது அதன் முறை. வகுப்பறையில் பழகிய இந்த ஒழுங்கைப் பணியிடத்துக்கும் கொண்டுபோக முடிந்தது. யாரும் அருகிலிருந்து ஏவாமலே வேலையை முடிக்க அது வழிசெய்தது. பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்குமாக 1988இல் வெளியான டீச்சின் மதிப்பீடு, ‘முடியும்’, ‘முடியாது’ என்பவற்றுக்கு நடுவே ‘அரும்பும் திறன்’ என்றொரு நிலையையும் வைத்தது. பயிற்சி அங்கிருந்தே தொடங்கியது. பெரியவர்களின் தேவை அமெரிக்காவுக்கு வெளியேயும் உணரப்பட்டது: இங்கிலாந்தில் ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்கான சாமர்செட் கோர்ட் குடியிருப்பு 1974இல் உருவானது.

சட்டமும் எஞ்சிய இடைவெளியும்

அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஊனமுற்ற குழந்தைகளின் கல்வியை உரிமையாக்கியது. 1990இல் அது திருத்தப்பட்டபோது ஆட்டிசம் தனிப்பிரிவாயிற்று. பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கான திட்டமிடலை 16 வயதுக்குள் தொடங்குவதும் கட்டாயமாயிற்று. 1993இல் ஜிம் சின்க்ளேர் போன்ற ஆட்டிசம் உடையோர், தங்களைப் பற்றித் தாங்களே பேசத் தொடங்கியிருந்தனர். இயல்பை மாற்றிக்கொள்வதே வளர்ச்சி என்ற எண்ணம் அப்போது உள்ளிருந்தே கேள்விக்குள்ளானது.

இத்தனைக்குப் பிறகும், பட்ரீசியா ஹௌலின் குழுவினர் 2004இல் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வில், 68 பேரில் 22 விழுக்காட்டினரின் வாழ்க்கை நிலையே நன்று அல்லது மிக நன்று என மதிப்பிடப்பட்டது. 58 விழுக்காட்டினரின் நிலை மோசம் அல்லது மிக மோசம். நுண்ணறிவு எண் 70க்கு மேலிருந்தவர்களிடையே நிலை ஓரளவு மேம்பட்டிருந்தாலும், அவர்களுக்குள்ளும் வேறுபாடு பெரிதாகவே இருந்தது.

முடிவுரை

திறன் இருந்தும் பலர் தற்சார்பை எட்டவில்லை என்பதையே இவ்வெண்கள் சுட்டுகின்றன. பள்ளிக் கல்விச் சட்டத்தின் பொறுப்பு வாலிபத்தின் வாசலில் முடிந்துவிடுகிறது. வேலை, வீடு, நட்பு ஆகியவற்றுக்கான தேவையோ அங்குதான் பெருகுகிறது. தற்சார்பைத் தனிமனிதரின் குணமாக மட்டும் கருதிப் பயிற்சியளிப்பது போதாது. பணியிடத்தையும் குடியிருப்பையும் அவரவர் இயல்புக்கேற்பத் திருத்தி அமைக்கும் பொறுப்பும், அதற்கான நிதியும், பள்ளி முடிந்தபின்னும் தொடர வேண்டும்.