பட்டிதொட்டிக்கு 5.1 வந்த கதை

மரச்சிற்பத்துக்குப் பேர்போன தம்மம்பட்டியில, எங்க வீட்டு ஹோம் தியேட்டர் ரிசீவர் ஒரு அசெம்பிள் பெட்டி. அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

1992-ல ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ மூலமா டால்பி டிஜிட்டல் தியேட்டருக்கு வந்தது. 1996-ல ‘கருப்பு ரோஜா’ தமிழுக்கு டிடிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. அந்தச் சத்தம் வீட்டுலயும் கேக்கணும்னு ஆசை. கம்பெனி ரிசீவர் விலையோ கட்டுப்படியாகல. அப்பதான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போர்டும் உள்ளூர் மெக்கானிக் கைவேலையும் கைகொடுத்துச்சு.

ஆனா ஆறு ஸ்பீக்கர் பாடுனா மட்டும் 5.1 ஆகிடாது. டிகோடர் இல்லாத பெட்டி, ரெண்டு சேனல் ஸ்டீரியோவையே ஆறாப் பங்கு போடும். படத்துல பின்னாடி வர்ற சத்தம் நமக்கும் பின்னாடி கேக்கணும்னா டிகோடர் போர்டு வேணும். காசு குடுக்கறதுக்கு முன்னாடி அதை முதல்ல கேளுங்க.