காட்டுக்கு வரவெழுதுவோர் யார்?

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு மளிகையும் புடவையும் வாங்க வரும் நம்மவர், சற்றே நடந்து லைட் தெருவை அடைந்தால், உயர்நீதிமன்றத்தருகே ஒரு ஞாபகச் சின்னத்தைக் காணலாம். அது ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்னும் வழக்கறிஞருக்காக எழுப்பப்பட்டது. வெள்ளையரல்லாதாரின் உரிமைக்காக வழக்காடிய அப்பெரியார் 1869-ல் காலமானார். காட்டுக்காகவும் அவர் வாதாடினார் என்பதை அறிந்தோர் நம்மிற் சிலரே.

அக்காலத்தில் வாசனைப் பயிர்களுக்காக இத்தீவின் குன்றுகள் மொட்டையாகி வந்தன. 1848-ல் லோகன், தாம் நடத்திய சஞ்சிகையில் இதைக் கண்டித்து ஒரு கட்டுரை வரைந்தார். மலைக்காடு அழிந்தால் தீவின் சீதோஷ்ணம் கெடும். சீதோஷ்ணம் யாவர்க்கும் பொதுவாதலின் அதைக் காப்பது சர்க்காரின் கடமை என்பதே அதன் சாரம். மரத்தில் அடங்கிய கரி, காட்டை எரிக்கும்போது கரியமில வாயுவாகி உலகையே வெப்பமாக்கும் என்று இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது. ஒரு தீவுக்கு அவர் சொன்னது இன்று பூமி முழுமைக்கும் பொருந்துகிறதன்றோ?

ஆயினும் நிகழ்ந்தது என்ன? கரும்பு வந்தது; காப்பி வந்தது; பின்னர் ரப்பர் வந்து காடுகளை விழுங்கிற்று. காடு போன இடத்திலே களையெடுத்தவரும் பால் வெட்டியவரும் பெரும்பாலும் நம்மவரே. ஆனால், காட்டை அழிக்க உத்தரவிட்டவர் அவரல்லர். இலாபம் கண்டவரும் அவரல்லர். தோட்டத்திற் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் ஒன்று கூறுவோம்: பாலுக்கும் கூலிக்கும் பேரேட்டில் பத்தி உண்டு, அழிந்த காட்டுக்குப் பத்தி இல்லை.

சர்க்காரின் பேரேட்டிலும் இக்குறை நெடுங்காலம் இருந்தது. நாட்டு நிலத்தில் பாதிக்குக் குறையாமல் காடாகவே வைப்போம் என்று 1992-ல் ரியோ மாநாட்டில் மலேசியா வாக்களித்தது. ஆனால், அரசியல் சட்டப்படி தீபகற்பத்தில் நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்துக்குட்பட்டவை. மரம் விழுந்தால் மாநிலத்துக்கு வருமானம், நின்றால் ஒன்றுமில்லை. வாக்களித்தவர் ஒருவர், கோடரியை வைத்திருப்பவர் வேறொருவர்! காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென 2019-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மத்திய சர்க்கார் 60 மில்லியன் வெள்ளி ஒதுக்கிய பின்னரே, நிற்கும் மரத்துக்கும் ஒரு வரவு பிறந்தது. லோகன் சொன்ன கடமைக்குப் பணப்பையும் வேண்டும் என்று உணர 170 ஆண்டுகள் சென்றன.

2017 நவம்பரில் பெருமழை கொட்டிப் பினாங்கு வெள்ளத்தில் ஆழ்ந்தது, சரிவுகளும் இடிந்தன. அத்தகைய நாளில் முதலில் நனைவது பங்களா அன்று. தாழ்ந்த வீட்டுத் தரையே. ஆகையால், தோழர்களே, காடு நமக்கெதற்கு என்றிருக்கலாகாது. வாக்குக் கேட்டு வருவோரைக் கேளுங்கள்: வெட்டாத காட்டுக்கு உங்கள் கணக்கில் வரவு எவ்வளவு?