பறவைகளுக்காக ஒரு கவுல்

ஒகவாங்கோவை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா நாட்டில், பாலைவனத்தை ஒட்டி விரிந்துகிடக்கும் மாபெரும் சதுப்பு நிலம். எங்கோ அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து வந்து, உள்ளூரில் சொட்டு மழை இல்லாத காலத்தில் அங்கே வெள்ளமாகப் பரவும். அந்தத் தண்ணீரைத் தேடி யானை, நீர்யானை, சிங்கம், கழுகு என்று ஒரு பட்டாளமே வரும். வாரக்கணக்கில் கூடாரம் போட்டுத் தங்கி இதையெல்லாம் பார்க்கிறவர்கள் உண்டு. செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்!

அந்த ஒகவாங்கோவுக்குள் மொரேமி என்றொரு சரணாலயம். அது உருவான கதை சுவாரஸ்யமானது. வேட்டைக்காரர்கள் இஷ்டத்துக்குச் சுட்டுத் தள்ளியதில் விலங்குகள் குறைந்துகொண்டே வந்தன. பொறுத்துப் பார்த்த படவானா மக்கள், 1963-ல் தங்கள் நிலத்தையே சரணாலயமாக ஒதுக்கிவிட்டார்கள். முன்னின்று நடத்தியவர், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி. ஆப்பிரிக்காவில் உள்ளூர் ஜனங்களே உண்டாக்கிய முதல் சரணாலயம் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

நியாயமான பெருமைதான். ஆனால், அதற்கு 165 வருஷம் முன்பே நம்முடைய செங்கல்பட்டுச் சீமையில் ஒரு சின்ன ஊர் இதே மாதிரி காரியத்தைச் செய்திருக்கிறது. பெயரைச் சொன்னால் ‘அட, இதுதானா?’ என்பீர்கள்.

வேடந்தாங்கல்!

ஒரகடத்தில் கார் தொழிற்சாலைக் கூரைக்கு மேலே பறக்கிற நாரை ஒன்று தெற்கே திரும்பினால், சுமார் 35 கிலோமீட்டரில் வேடந்தாங்கல் வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வேடந்தாங்கல் எல்லாமே, 1763-ல் ஆற்காடு நவாப் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்த பழைய செங்கல்பட்டுச் சீமைதான். வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் பிடித்து வைத்தால்தான் சோறு. ‘தாங்கல்’ என்றாலே இந்தப் பக்கத்தில் சிறிய ஏரி என்று அர்த்தம். வேடன் தாங்கல். பெயரிலேயே வேட்டை இருக்கிறது பாருங்கள்.

நிஜமாகவே அது வேட்டைக்காடாகத்தான் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து, கூடு கட்டியிருந்த நாரைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. நேரே செங்கல்பட்டு கலெக்டரிடம் போனார்கள். அப்போது கலெக்டர் லயனல் பிளேஸ். ‘இங்கே பறவையைச் சுடக்கூடாது’ என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார்கள். 1798-ல் கிடைத்த அந்த எழுத்துக்குப் பெயர் ‘கவுல்’. கும்பினியார் கொடுக்கும் எழுத்துமூல உறுதிமொழி.

குடியானவனுக்கு நாரை மேல் அப்படி என்ன பாசம்?

பாசம் இருந்திருக்கலாம். கணக்கும் இருந்தது. மழையில் ஏரி நிரம்பியதும் தண்ணீரில் நிற்கிற மரங்களில் நாரையும் நீர்க்காகமும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். கீழே தண்ணீர் இருப்பதால் நரியோ பூனையோ கூட்டை நெருங்க முடியாது. பறவைகளின் எச்சம் முழுக்க ஏரியில் விழும். அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகும். காசில்லாத உரம்! பறவைக்கு மரம், மனிதனுக்கு நெல். சிப்பாய் சுட்டது நாரையை மட்டுமல்ல, குடியானவனின் விளைச்சலையும்தான்.

தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் கற்றுக்கொண்ட விஷயம் இது. கூடாரம் போட்டு ஒரு மாதம் தங்கினால் தெரியாது.

1858-ல் கவுல் புதுப்பிக்கப்பட்டது. 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அரசு அறிவித்தது. ஏன் 5 கிலோமீட்டர்? நாரை தூங்குவதும் குஞ்சு பொரிப்பதும்தான் வேடந்தாங்கலில். இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களிலும் மற்ற ஏரிகளிலும். நத்தைகுத்தி நாரைக்கு வயல் இல்லை என்றால் நத்தையும் இல்லை. 2020-ல் இந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு யோசனை வந்தது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பவே, பிறகு அது கைவிடப்பட்டது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடமும் கிடைத்தது. ஒகவாங்கோ இருக்கிற அதே சர்வதேசப் பட்டியல்!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த 5 கிலோமீட்டர் அறிவிப்பு வந்த அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை கிடைத்தது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால், தொழிற்சாலை வந்த இடத்தில் வயல் போயிற்று. வயல் போனால் ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை. மடையைத் திறக்க ஆள் இல்லை. வரத்துக்கால்வாய் தூர்ந்தால் சண்டைக்குப் போகவும் ஆள் இல்லை. வேடந்தாங்கலைக் காப்பாற்றியது கவுல் காகிதம் அல்ல. ‘இது என் ஏரி’ என்று கலெக்டரிடம் போய் நின்ற ஜனங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கும் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கும் அப்படிப் போய் நிற்கப்போவது யார்?

அந்த இரண்டு ஏரிகளின் உபரி நீரும் போய்ச் சேருகிற இடம் செம்பரம்பாக்கம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறக்கப்பட்டு, அடையாறு வீட்டுக்குள் வந்தபோது நீங்கள் மாடியில் நின்றிருப்பீர்கள். 2019 கோடையில் அதே ஏரி வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றிருப்பீர்கள்.

ஆக, ஆயக்கட்டுதாரர் இல்லாமல் போகவில்லை. விலாசம்தான் மாறியிருக்கிறது. நெல் விளைவித்தவருக்குப் பதிலாக இன்று சென்னையில் குழாயைத் திறக்கிறவர்.

அதாவது, நீங்கள்.