முத்துக் கரையில் மருத்துவமும் நம்பிக்கையும்

முத்துக்குளித்துறை என்றதும் நம் நினைவுக்கு வருவன கொற்கையும் காயலும், பாண்டியரின் செல்வமும், அரபு நாட்டுக் குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலங்களுமே. இக்கரையின் வரலாற்றை எழுதுவோர் வணிகத்தை விரித்துரைப்பர். சமயங்கள் பரவிய கதையை விளக்குவர். ஆனால், இக்கரையில் நோயுற்றவர் யாரை நாடிச் சென்றனர், யாரை நம்பினர், யாரைக் கண்டு அஞ்சினர் என்று கேட்போர் குறைவு. வருவோரும் போவோருமாக என்றும் நிறைந்திருந்த கரை இது. முத்தெடுக்க வந்தோர், கப்பலேறிப் பிழைக்கச் சென்றோர், உயிர் தப்பி வந்திறங்கியோர் என எத்தனையோ கூட்டத்தாரை இது கண்டிருக்கிறது. இத்தகைய மக்களுக்கு மருந்து மட்டும் போதுவதில்லை. அவர்தம் சொல்லைப் புரிந்துகொள்ளும் காதும், அவர்தம் வழக்கத்தை இகழாத உள்ளமும் வேண்டும். அவர்களுள் ஒருவரே மருத்துவனுக்கும் மக்களுக்கும் நடுவே பாலமாக நிற்றல் வேண்டும். இவ்வுண்மையை இக்கரை எவ்வாறு கற்றது, எங்கே மறந்தது என்பதை இங்குச் சற்றே நோக்குவோம்.

கடல்கட்டியின் பங்கு

முத்துக் குளிப்புக் காலத்தில் வெறுமணற் பரப்பு சில நாள்களில் ஒரு நகரமாகிவிடும். பரதவரும், கீழக்கரை முஸ்லிம் குளியாளிகளும், வணிகரும், சிப்பி வாங்குவோரும் ஆயிரக்கணக்கில் கூடுவர். 1905-ஆம் ஆண்டில் இலங்கைப் பகுதியில் நடந்த குளிப்பில் ஏறத்தாழ எட்டுக்கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன; பாரசீக வளைகுடாவின் அரபுக் குளியாளிகளும் அங்கு வந்திருந்தனர். முத்தைப் பிரிப்பதற்காகச் சிப்பியை அழுகவிடுவது வழக்கம். அந்த நாற்றத்துக்கும் ஈக்கூட்டத்துக்கும் நடுவே வாந்திபேதி தோன்றினால் முகாமே கலைந்துவிடும் என்னும் அச்சம் அதிகாரிகளை ஓயாது வாட்டியது.

குளியாளியின் அச்சமோ வேறு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கி ஆழ்கடலில் இறங்குபவன் அவன். மேலே கயிறு பிடிப்பவனை நம்புகிறான். கீழே சுறாவுக்கு அஞ்சுகிறான். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகக் கருதப்பட்டவனுக்குக் கடல்கட்டி என்று பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கும், இருபதில் ஒரு பங்கு இவ்வாறு மீனைக் கட்டுவோருக்கும் சென்றதாகக் கூறுகிறார். பரதவர் கத்தோலிக்கரான பின்னரும் இப்பதவி மறையவில்லை. ஒரு கிறித்தவக் குடும்பமே அதை வழிவழியாக வகித்தது. ஆங்கில அதிகாரிகளுக்கு அம்மந்திரத்தில் நம்பிக்கை சிறிதும் இல்லை. ஆயினும் கடல்கட்டி இல்லாமல் குளியாளி இறங்கமாட்டான் என்பதை உணர்ந்து, அவனுக்குரிய பங்கை அவர்கள் தொடர்ந்து அளித்து வந்தனர்.

மந்திரம் மெய்யா பொய்யா என்பதன்று இங்கு நம் ஆய்வு. முத்து வருவாய்க்காக ஓர் அரசு மக்கள் மனத்தை மதிக்கக் கற்றுக்கொண்டது. அதே அரசு நோய் தடுக்கும் பணியில் அப்பாடத்தை மறந்தது. இதுவே நாம் கருதத்தக்கது.

புன்னைக்காயல் மருத்துவமனை

அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரையில் வேறொரு முயற்சி நடந்தது. போர்ச்சுகல் நாட்டில் 1520-இல் பிறந்து 1546-இல் இந்தியா வந்த அன்றீக்கே அன்றீக்கசு என்னும் பாதிரியார் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனையை ஏற்படுத்தினார். ஐரோப்பியர் இந்நாட்டில் உள்ளூர் மக்களுக்கென அமைத்த தொடக்ககால மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

இவரை நாம் அச்சுக்கலையின் முன்னோடி என்றே பெரிதும் அறிவோம். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவர் தந்ததே. ஆனால் அச்சுக்கு முன்னே மொழி வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். மொழிபெயர்ப்பாளனின் வாய்வழியே மக்களோடு பேசுவதில் நிறைவு காணாமல், தாமே தமிழ் கற்று, பிற பாதிரியார் கற்பதற்கென ஓர் இலக்கணமும் எழுதியவர் அவர். சமயம் பரப்புவதே அவருடைய நோக்கம், அதில் ஐயமில்லை. எனினும், படுக்கையில் கிடப்பவனுடைய தாய்மொழியை அறிந்த ஒருவர் அவனருகில் நின்றார் என்பது சிறு செய்தியன்று. 1600-இல் அவர் மறையும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இக்கரையே அவருக்குத் தாயகமாயிற்று.

தட்டப்பாறையும் பம்பாயும்

1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. இலங்கையின் தோட்டங்களுக்குச் செல்லும் ஏழைத் தமிழர்களின் பெருவாயிலாக இத்துறைமுகம் மாறிற்று. அவர்களைக் கப்பலேற்றுமுன் தடுத்துவைத்துச் சோதிப்பதற்காக, மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தட்டப்பாறையில் ஒரு முகாம் அமைந்தது. 1914-இல் தனுஷ்கோடி வழி திறந்தபின், அவ்வேலை மண்டபம் முகாமுக்குப் போயிற்று. துணிகளைப் புகையிலும் ஆவியிலும் இட்டுக் கிருமி நீக்குவதும், அம்மை குத்துவதும், சில நாள் அடைத்துவைப்பதும் அங்கு நடைமுறை.

அங்குத் தமிழ் பேசுவோர்க்குப் பஞ்சமில்லை. கூட்டத்தை அழைத்துவந்த கங்காணியே தமிழன்தான். ஆனால் தொழிலாளியின் கடன் கணக்கும் அவன் கையில் இருந்தது. அக்கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921-இல்தான் ஒழிந்தது. கடன்காரனாகத் தன்னைப் பிடித்து வைத்திருப்பவன் முன்னே ஒருவன் தன் நோயை எப்படி வாய்விட்டுச் சொல்வான்? சொன்னால் பயணமே தடைப்படும் என்னும்போது மறைப்பதன்றி வேறென்ன செய்வான்? ஆக, மொழி ஒன்றாயிருந்தால் மட்டும் போதாது. நடுவில் நிற்பவன் மக்களின் பக்கம் நிற்பவனாக இருத்தல் வேண்டும்.

இதன் இரு முகங்களையும் அதே காலத்தில் மேற்கிந்தியாவில் தெளிவாகக் காண்கிறோம். 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் தோன்றிப் பரவிற்று. புனாவில் பட்டாளத்தார் வீடு புகுந்தனர்; பெண்கள் இருக்கும் உள்ளறைகளையும் விட்டுவைக்கவில்லை. மக்கள் நோயாளிகளை ஒளித்தனர். கொதிப்பு முற்றி, அப்பணிக்குத் தலைமை தாங்கிய ராண்ட் என்னும் அதிகாரி 1897 ஜூனில் சுடப்பட்டார். பம்பாயிலோ, அந்தந்தச் சமூகத்தார் தத்தம் மக்களுக்கெனத் தாமே மருத்துவமனை அமைக்க இசைவு தரப்பட்டது. அறிஞர் ஹாஃப்கின் கண்டுபிடித்த தடுப்பூசியை எண்ணி மக்கள் நடுங்கியபோது, இருபது வயதும் நிரம்பாத மூன்றாம் ஆகா கான், தம் மக்கள் காண அதனைத் தம் உடலில் குத்திக்கொண்டார். அதைக் கண்ட கோஜா முஸ்லிம்கள் அச்சம் நீங்கித் திரளாக முன்வந்தனர். பட்டாளத்தால் ஆகாததை நம்பிக்கைக்குரிய ஒருவரின் நீட்டிய கை சாதித்தது.

மானிப்பாயில் தமிழ் மருத்துவம்

இனி, தூத்துக்குடிக் கப்பல்கள் சென்று சேர்ந்த இலங்கையை நோக்குவோம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றினார். வெளிநாட்டு மருத்துவன் ஒருவனால் ஒரு நாட்டின் நோயைத் தீர்க்க இயலாது. அந்நாட்டு மக்களே அந்நாட்டு மொழியில் மருத்துவம் கற்க வேண்டும் என்பது அவருடைய துணிபு. 1860-களில் தமிழ்வழி மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழில் ஆக்கினார். மாணவர் மேல்நாட்டு உடைக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. ஊராரைப்போல் உடுத்தவனிடமே ஊரார் மனம் திறப்பர் என்பதை அவர் அறிவார். 1873-இல் தாயகம் திரும்பிய கிறீன் 1884-இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்பதையே அவர் கல்லறை வாசகமும் கூறுகிறது.

அவருக்குப்பின் அக்கல்வி நீடிக்கவில்லை. உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தமையால் மாணவர் நாட்டமும் ஆங்கிலத்தின்பால் சென்றது. அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. நம் பிள்ளைகளும் அவ்வழியே சென்றனர்.

'பிள்ளைக்கு வருத்தம்'

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் கடல் கடந்து தமிழகக் கரைகளை அடைந்தனர். தோட்டத் தொழிலாளரை முன்னாளில் அடைத்துவைத்த அதே மண்டபம் இவர்களை ஏற்கும் இடமாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் தாப்பாத்தி, குளத்துவாய்ப்பட்டி போன்ற ஊர்களிலும் முகாம்கள் எழுந்தன.

வந்தவரும் தமிழர்; வரவேற்றவரும் தமிழர். எனினும், 'பிள்ளைக்கு வருத்தம்' என்று ஈழத்துத் தாய் சொன்னால், நோய் என்று பொருள். நம்மவர் காதிலோ அது துயரம் என்றே விழும். அவள் 'தடிமன்' என்பது நம்மூர்ச் சளி. 'சத்தி' என்பது வாந்தி. 'குளிசை' என்பது மாத்திரை. ஒரே மொழிக்குள்ளேயே இத்தனை இடைவெளி என்றால், போரில் உற்றாரை இழந்தவளின் மனக்காயத்தைப் புறத்தே நின்று அறிவது எங்ஙனம்?

1984-இல் தந்தை செல்வாவின் மைந்தர் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதற்கொரு வழி கண்டது. முகாமில் வாழ்வோரிலிருந்தே நலவாழ்வுப் பணியாளர்களைத் தேர்ந்து பயிற்றுவித்தது. தாய்சேய் நலம், சத்துணவு, மன ஆறுதல் ஆகியவற்றை அவர்களே தம்மவர்க்கு எடுத்துரைத்தனர். நீலகிரியின் கூடலூரிலும் இதே நெறியைக் காண்கிறோம். அங்கே பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் அரசு மருத்துவமனை வாயிலை மிதிக்கவே தயங்கினர். 'அஸ்வினி' என்னும் அமைப்பு பழங்குடிப் பெண்களையே செவிலியராக்கி, 1990-இல் அவர்களுக்கென ஒரு மருத்துவமனையை எழுப்பிற்று.

நம் முறை

தூத்துக்குடியின் கடைசி முத்துக் குளிப்பு 1961-இல் முடிந்தது. ஆனால் வருவோர் வரவு முடியவில்லை. ஒடிசா, பீகார், வங்காளம் முதலிய இடங்களிலிருந்து இன்று தொழிலாளர் பலர் தமிழகம் எங்கும் வந்து உழைக்கின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' உள்ளூர்ப் பெண்களை வீடுதோறும் அனுப்புகிறது. நல்ல நெறி அது. ஆனால் தமிழறியாத தொழிலாளியின் தங்குமிடத்துக் கதவைத் தட்டும்போது, அங்கே அவனுடைய மொழியில் நலம் கேட்பார் யார்? அவர்களுள் ஒருவரைப் பயிற்றுவித்து நம்மோடு நிறுத்தாதவரை அக்கேள்விக்கு விடையில்லை.

காயலும் கீழக்கரையும் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வாழ்ந்த ஊர்கள். கொழும்பிலும் ரங்கூனிலும் வளைகுடா நாடுகளிலும், வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் கைச்சாடையால் வயிற்றையும் நெஞ்சையும் தொட்டுக் காட்டி நின்றவர் நம் வீட்டார். அந்த நிலையை அறிந்த நாம், இன்று நம் கரையில் அவ்வாறே நிற்பவனைக் காணாததுபோல் கடந்து செல்லலாமோ? புன்னைக்காயலில் அயல்நாட்டார் ஒருவர் நம் மொழியைக் கற்றார். மானிப்பாயில் மற்றொருவர் நம் மொழியில் நூல் எழுதினார். நாம் பெற்ற கடன் அது. வந்தவன் மொழியில் 'உடம்புக்கு என்ன?' என்று கேட்கவேனும் நாம் கற்றுக்கொண்டால், அக்கடனில் ஒரு சிறு பகுதியைத் தீர்த்தவராவோம்.