மும்பைத் தமிழர் கோயில்கள்: புலம்பெயர்வும் வழிபாட்டு மாற்றமும்

புலம்பெயரும் மக்கள் தம் தெய்வங்களை உடன்கொண்டு செல்வர் என்பது பொதுவான கருத்து. ஆயின் ஊர்க்கோயிலின் பரம்பரை உரிமை, முதல் மரியாதை, மானிய நிலம் ஆகியவை அவர்களுடன் செல்வதில்லை. இவை இல்லாத இடத்தில் வழிபாடு எவ்வாறு அமைந்தது என்பதை மும்பையின் மூன்று பகுதிகள்வழி இக்கட்டுரை ஆராய்கின்றது.

தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நாடி வந்த தமிழருள் திருநெல்வேலிப் பகுதியினர் பலர். ஊரில் தமக்குரிய தெய்வங்களை வழிபட்டு வந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அங்குள்ள பெருங்கோயில்களின் வாயில் அடைபட்டிருந்தது. தாராவியின் மிகப் பழைய இந்துக் கோயிலாகக் கருதப்படும் கணேசர் கோயில் 1913-இல் எழுந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939 சூலை 8 அன்றும், சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் 1947-இலும் நிகழ்ந்தமை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஆதிதிராவிட மகாசன சங்கத்தோடு இணைந்த இக்கோயிலில் அம்மக்கள் பெற்றது நுழைவுரிமை மட்டுமன்று. கோயிலை நடத்தும் உரிமையுமாகும். விநாயகர் தமிழர்க்கும் மராத்தியர்க்கும் பொதுவான தெய்வம் என்பதும் கருதத்தக்கது.

மாதுங்காவில் நிலை வேறு. 1896-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப்பின், 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை உருவாக்கிய தாதர்–மாதுங்காக் குடியிருப்புகளில் அலுவலகப் பணியினரான தென்னிந்தியர், குறிப்பாகப் பிராமணர், மிகுதியாகக் குடியேறினர். 1923-இல் தோன்றிய ஆஸ்திக சமாஜம் ‘கொச்சு குருவாயூர்’ எனப் பெயர் பெற்றது. பாலக்காட்டுத் தமிழரின் வழிபாட்டு மரபை இப்பெயர் உணர்த்துகின்றது. பரம்பரை உரிமை இருந்த இடத்தில் இங்குச் சங்க உறுப்புரிமை அமைந்தது.

குர்லா வட்டத்தைச் சேர்ந்த செம்பூரில், சேடா நகரில் முருகன் கோயில் எழுந்தது. ஊர்ப்பெயரே ‘திருச்செம்பூர்’ எனத் தலப்பெயராயிற்று. மலேசியாவின் பத்துமலையில் இயற்கைக் குன்றும் குகையும் முருகனுக்கு இடமாயின. அங்கு 272 படிகள். செம்பூரிலோ குன்றின் இடத்தைக் கட்டடம் ஏற்றது. 108 படிகள் ஏறிச் சென்று அடியார் வழிபடுகின்றனர். குறிஞ்சிக் கடவுள் என்னும் கருத்து இவ்வாறு நகரத்திற்கேற்ப நிலைபெற்றது.

ஒரே நகரில் குடியேறியும் தாராவியரும் மாதுங்காவினரும் தனித்தனியே கோயில் எழுப்பினர். ஆகவே புலம்பெயர்வு சாதியை அழித்ததெனக் கூற இயலாது. எனினும் ஒருவரின் வாயிலில் மற்றவர் காத்து நிற்கவேண்டிய நிலையை அது மாற்றியது. புலம்பெயர் சமய வரலாற்றில் தெய்வங்களின் பயணத்தோடு இவ்வுரிமை மாற்றமும் ஆராயப்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.