சமூக அறிவியல் வகுப்பறையில் சாதி: கற்றல் கோட்பாடுகளும் கற்பித்தல் முறைகளும்

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் தொடக்கப் பக்கத்தில், தீண்டாமை பாவம் என்றும் பெருங்குற்றம் என்றும் மனிதத்தன்மையற்றது என்றும் அறிவிக்கும் மூன்று வரிகள் உள்ளன. (பாவம் என்பது சட்டம் அறியாத சொல்; நீதிமன்றம் குற்றத்தை மட்டுமே அறியும்.) 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அவ்வழக்கில் கைதானவர்களுள் உடன் பயின்ற மாணவர்களும் இருந்தனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கைக்கயிறு, நெற்றிக்குறி, பள்ளிப் பெயர்களிலுள்ள சாதி அடையாளம் ஆகியவற்றுக்கு எதிரான அதன் பரிந்துரைகள் பரவலாகப் பேசப்பட்டன. கயிற்றை அவிழ்க்க ஒரு சுற்றறிக்கை போதும். சாதியைப் பாடமாக நடத்துவதற்கோ முறை வேண்டும்.

அந்த முறை ஆசிரியரின் விருப்பத்திற்கு மட்டும் விடப்பட்டதன்று. கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 29(2), எட்டாம் வகுப்பு வரையிலான பாடத்திட்டம் அரசமைப்பின் விழுமியங்களுக்கு இயைந்திருக்க வேண்டும் என்கிறது. செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்றல் நிகழ வேண்டும் என்கிறது. குழந்தை அச்சமும் அதிர்ச்சியும் பதற்றமும் இன்றித் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்றும் கூறுகிறது. வழக்கறிஞர்களாகிய நாங்கள் பெரும்பாலும் 25 விழுக்காட்டு இடங்களைப் பேசும் பிரிவு 12-ஓடு நின்றுவிடுகிறோம். வகுப்பறைக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்வது பிரிவு 29 தான்.

இப்பிரிவின் பின்னால் ஒரு கற்றல் கோட்பாடு இருக்கிறது. தூண்டல், துலங்கல், மறுபயிற்சி என்று கற்றலை விளக்கிய நடத்தைவாதம், வரையறைகளை மனனம் செய்விக்க உதவும். அதற்கு மேல் போகாது. அறிவைக் குழந்தையே தன் அனுபவத்திலிருந்து கட்டியெழுப்புகிறது என்றார் பியாஜே. அது பிறரோடும் மொழியோடும் சேர்ந்தே நிகழ்கிறது என்றார் வைகாட்ஸ்கி. கொலம்பியாவில் அம்பேத்கரின் ஆசிரியராயிருந்த ஜான் டூயி, பள்ளியைச் சனநாயக வாழ்வின் பயிற்சிக்களமாகக் கண்டார். மாணவரை வெற்றுக் கலமாகக் கருதித் தகவலை இட்டு நிரப்பும் முறையை 'வங்கிமுறைக் கல்வி' என்று சாடினார் பாவ்லோ ஃப்ரெய்ரே. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 குழந்தையின் அனுபவத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்று கேட்டது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. யாருடைய அனுபவம்? "சாதிப் பாகுபாட்டை நீங்கள் சந்தித்ததுண்டா, சொல்லுங்கள்" என்று ஆசிரியர் நல்லெண்ணத்தோடு கேட்கிறார். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் அறையில் பார்வைகள் மூன்று நான்கு குழந்தைகளின் மேல் திரும்புகின்றன. அவர்கள் சான்றுப் பொருளாக்கப்படுகிறார்கள், மற்றவர்கள் பார்வையாளராகிறார்கள். அனுபவத்தைச் சொல்லும் உரிமை போலவே, சொல்லாதிருக்கும் உரிமையும் அக்குழந்தைக்கு உண்டு. கருத்தைச் சொல்ல உதவுவதாக எண்ணி, அதே பிரிவு நீக்கச் சொல்லும் பதற்றத்தையே இக்கேள்வி உண்டாக்குகிறது.

மாற்று வழி ஒன்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். என்.சி.இ.ஆர்.டி.யின் 2006ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புக் குடிமையியல் நூலில் அம்பேத்கரின் சிறுவயதுப் பயணம் இடம்பெற்றது. 1901இல், ஒன்பது வயதில், தந்தையைக் காண கோரேகான் செல்லும் வழியில், அவர்கள் மகர் பிள்ளைகள் என்றறிந்ததும் வண்டிக்காரர்கள் வர மறுக்கின்றனர். இரட்டிப்புக் கூலி தந்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்வதாக ஏற்ற பின்னரே ஒருவர் இணங்குகிறார். "அம்பேத்கரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?" என்ற கேள்வி மறுபடியும் அதே குழந்தைகளை நோக்கியே போகும். "இரட்டிப்புக் கூலி கிடைத்தும் வண்டிக்காரர்கள் முதலில் மறுத்தது ஏன்? அவ்வாறு மறுத்ததால் அவர்கள் இழந்ததென்ன, காத்துக்கொண்டதென்ன? இன்று அவ்வாறு செய்தால் எச்சட்டம் பாயும்?" என்று கேட்டால் ஆய்வுக்கு உள்ளாவது ஒடுக்குபவரின் நடத்தை. விடை தேடும் பொறுப்பு வகுப்பு முழுவதற்கும் உரியதாகிறது. அரசமைப்பின் 17ஆம் கூறும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அப்போது மனப்பாடப் பகுதியாக இராமல், கையாளும் கருவிகளாகின்றன.

நடிப்புப் பயிற்சியில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 1968இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியர் கண்ணின் நிறத்தால் மாணவர்களைப் பிரித்து நடத்திய பயிற்சி புகழ்பெற்றது. அங்கே வகுப்பிலிருந்தவர் அனைவரும் வெள்ளையர், வேற்றுமை செயற்கையானது, பின்னர் இடம் மாறியது. நம் வகுப்பில் அவ்வேற்றுமை ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. மணி அடித்தபின்னும் அது மாறாது. தலித் குழந்தைக்கு 'தீண்டப்படாதவர்' வேடம் தருவது பயிற்சியாகாது, அவமதிப்பு.

தானே முன்வந்து பேசும் குழந்தைக்கு இடம் வேண்டும் என்பதும் உண்மை. பூனேயில் பூலே இணையர் வழியமைத்த பள்ளியில் பயின்ற முக்தாபாய், ஏறத்தாழ 14 வயதில், மாங், மகர் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. ஃப்ரெய்ரேவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே நடந்தது இது. ஆசிரியர் பயிற்சி நூல்களில் ஃப்ரெய்ரேவுக்குக் கிடைக்கும் இடம் முக்தாபாய்க்கும் கிடைக்க வேண்டாமா?

வகுப்பில் ஒரு குழந்தை சாதியின் பெயரால் தனித்து நிறுத்தப்பட்டால், பெற்றோர் பிரிவு 32இன் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துவடிவில் முறையிடலாம். மூன்று மாதத்திற்குள் அதன்மீது முடிவெடுக்கப்பட வேண்டும்; அம்முடிவில் குறையிருப்பின் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். முறையீட்டில் ஆசிரியர் கேட்ட கேள்வியைச் சொல் மாறாமல், நாளும் பாடத்தலைப்பும் குறித்து எழுதுவது அவசியம்.