எண்ணெயைச் சிதைக்கும் பூஞ்சைகள்: லைப்சிக் முதல் கேரள எல்லை மண் வரை

1895இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானியத் தாவரவியலாளர் மானபு மியோஷி, திராட்சையை அழுகச்செய்யும் போட்ரைட்டிஸ் பூஞ்சையின் இழைகள், கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் மெழுகான பாரஃபின் படலத்தைத் துளைத்துச் செல்வதைப் பதிவுசெய்தார். 1906இல் நுண்ணுயிரியலாளர் ஓட்டோ ரான், பாரஃபினைச் சிதைத்தே வளரும் பூஞ்சணம் ஒன்றை விவரித்தார். எண்ணெயை உயிர்கள் உண்ணும் என்பதற்கான தொடக்கச் சான்றுகளில் பூஞ்சைக்கு முன்வரிசை இடம் உண்டு. 1946இல் நுண்ணுயிரியலாளர் கிளாட் ஸோபெல் அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்தபோது, இத்திறன் கொண்ட நுண்ணுயிரிகள் ஏறக்குறைய நூறு இனங்களாகப் பெருகியிருந்தன.

அதன்பின் பூஞ்சை கவனம் பெற்றது தொல்லையாகத்தான். 1960களில் ஜெட் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளில் கருத்த கசடு படிந்து வடிகட்டிகளை அடைத்தது, அலுமினியத்தையும் அரித்தது. காரணம், மண்ணிலும் வாழும் கிளாடோஸ்போரியம் ரெசினே என்னும் பூஞ்சை. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

எண்ணெய் பூஞ்சையின் இயல்பான உணவல்ல. பின் இத்திறன் எப்படி வந்தது? ஒரு பகுதி விடை மரத்தில் கிடைத்தது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின், ஒழுங்கற்ற அமைப்புடைய வளையச் சேர்மம். அதை உடைக்க வெள்ளழுகல் பூஞ்சைகள் தம் உடலுக்கு வெளியே நொதிகளைச் சுரக்கின்றன. ஃபனெரோகீட்டி கிரைசோஸ்போரியம் என்னும் வெள்ளழுகல் பூஞ்சையில் லிக்னின் பெராக்சிடேஸ் என்னும் அத்தகைய நொதி 1983இல் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டில், அதே பூஞ்சை டிடிடி பூச்சிக்கொல்லியையும், கச்சா எண்ணெயிலும் காணப்படும் பென்சோபைரீனையும் சிதைப்பதாக சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது. குறிப்பிட்ட பூட்டுக்கே பொருந்தும் சாவி போலல்லாமல், இந்நொதிகள் பலவகை வளையங்களையும் தாக்குகின்றன. என் பார்வையில் இத்துறையின் பெரிய திருப்பம் இதுதான்.

ஆய்வகத்தில் இத்திறனைக் கண்ணாலேயே பார்க்கலாம். எண்ணெயைத் தவிர வேறு கார்பன் இல்லாத உப்புக்கரைசலில் டிசிபிஐபி என்னும் நீலச் சாயத்தைக் கலந்து, மண்ணிலிருந்து பிரித்த பூஞ்சையை இடுவார்கள். எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைய அடைய நீலம் வெளிறி நிறமற்றுப்போகும். ஆனால் நிறம் போனதும் எண்ணெய் முழுதும் தீர்ந்தது என்று கொள்ளக்கூடாது. பூஞ்சை பல வேளைகளில் வளையத்தைப் பாதி உடைத்து நிறுத்திவிடும். மீதியைப் பாக்டீரியா முடிக்கும். இடைப்பொருள்களின் நச்சுத்தன்மையையும் அளந்தாக வேண்டும்.

இந்தியாவில் களப்பணி பெரும்பாலும் பாக்டீரியா வழியே சென்றது. எண்ணெய்க் கசிவைச் சுத்தம்செய்ய டெரி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஆயில்ஜாப்பர், ஒரு பாக்டீரியாக் கூட்டம்தான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபின், வாளிகளில் அள்ளிய எண்ணெய்க் கசடும் உயிரிவழிச் சிதைவுக்கே அனுப்பப்பட்டது.

கேரள எல்லைக்கு இது அயலார் கதையன்று. கொச்சியிலிருந்து கோவை வழியாகக் கரூர் செல்லும் பெட்ரோலியக் குழாய் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்கிறது. வாளையாறு வழியே டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. கசிந்தால் எண்ணெய் இறங்குவது எந்த மண்ணில் என்பதே முக்கியம். பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கம் சுண்ணாம்பு கலந்த கரிசல். இடுக்கியின் மேட்டில் இலைமக்கு நிறைந்த அமில மண். லிக்னின் பெராக்சிடேஸுக்கு மிகுந்த அமிலச்சூழல் ஏற்றது. எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நடுநிலையை விரும்புபவை. ஆகவே சித்தூருக்குச் சரிப்படும் நுண்ணுயிர்க் கலவையை அப்படியே இடுக்கியின் குமுளிக்குக் கொண்டுபோவது தவறு. புகழ்பெற்ற ஃபனெரோகீட்டியையும் குளிர்ந்த மூணாற்றில் நம்ப முடியாது. அது செழிப்பது 40 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்.

சோலைக்காட்டு மட்கிய மரத்தில் வாழும் உள்ளூர் வெள்ளழுகல் பூஞ்சைகளிலிருந்தே இடுக்கிக்கான தேடல் தொடங்க வேண்டும். பாலக்காட்டில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. சிப்பிக்காளான் அறுவடைக்குப்பின் எஞ்சும் வைக்கோலில் லிக்னினை உடைக்கும் லாக்கேஸ் நொதி மிச்சமிருக்கும். அதைச் சித்தூர்க் கரிசலிலும் இடுக்கி மண்ணிலும் தனித்தனியே எண்ணெயோடு கலந்து, பூஞ்சை இடாத மண்ணையும் பக்கத்தில் வைத்து, ஒரு பருவமழை முழுதும் அளந்து பார்க்க வேண்டும். குழாய் உடைந்தபின் தொடங்கினால் இந்த ஒப்பீட்டுக்கு அவகாசம் இராது.